2004 சாண்ட்ரோ ஜிங்: 3-வது சிலிண்டர் இன்ஜெக்டருக்குச் சரியான பார்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜிங்1086 எழுதியது:

வண்டி 2004 சாண்ட்ரோ ஜிங், 1.1 பெட்ரோல். ஐடிலில் மிஸ்ஸிங், ஏசி போட்டால் இன்னும் அதிகம். 3-வது சிலிண்டர் பிளக் ஒயரைக் கழட்டினால் இன்ஜின் சத்தத்தில் மாற்றமே இல்லை. மற்ற மூணையும் ஒவ்வொண்ணா கழட்டினால் உடனே தடுமாறுது. பிளக் நாலும் புதுசு. முன்னாடி எல்பிஜி கிட் இருந்தது, டேங்கையும் கிட்டையும் கழட்டியாச்சு, ஒயரிங் மட்டும் அப்படியே இருக்கு.

இன்ஜெக்டர்தான் (பெட்ரோலைத் தெளிக்கிற முனை) காரணம்னு மெக்கானிக் சொல்றார். ஸ்பேர்ஸ் கடையில் மூணு விதமா காட்டுறாங்க. ஒண்ணு பார்க்க அப்படியே இருக்கு, டப்பாவில் கம்பெனி பேர் இல்லை. இரண்டாவது ஆக்சென்ட்டோடது, "உடம்பு ஒண்ணுதான், தாராளமா போடலாம்"ங்கிறாங்க. மூணாவதுக்கு சாக்கெட் வேற, நடுவில் ஒரு அடாப்டர் ஒயர் தர்றாங்க. எதை வாங்கலாம்? நாலையும் மாத்தணுமா, ஒண்ணு போதுமா?

ரெயில்பிரஷர் எழுதியது:

இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. பிளக் ஒயர் சோதனை 3-வது சிலிண்டர் வேலை செய்யலைன்னுதான் சொல்லும், ஏன்னு சொல்லாது. ஸ்பார்க், கம்ப்ரஷன், காற்று ஒழுகல், இன்ஜெக்டருக்கு வர்ற மின் பல்ஸ், இன்ஜெக்டர், இந்த அஞ்சில் எது வேணா இருக்கலாம்.

முதல்ல 3-வது இன்ஜெக்டரையும் 2-வதையும் இடம் மாத்திப் போடுங்க. மிஸ்ஸிங் 2-க்குப் போனால் இன்ஜெக்டர் குற்றவாளி. 3-லேயே நின்னால் இன்ஜெக்டர் நல்லது. பிளக் ஒயர், இக்னிஷன் காயில், கம்ப்ரஷன் பக்கம் போங்க.

கழட்டுற முறை: பின் சீட்டுக்கு அடியில் மூடி இருக்கும், அங்கே பம்ப் சாக்கெட்டை எடுத்துட்டு இன்ஜினை ஓட விடுங்க. பிரஷர் தீர்ந்து தானா அணையும். இன்னும் ரெண்டு மூணு செகண்ட் கிராங்க் பண்ணிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. ரெயிலை (நாலு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் கொடுக்கிற குழாய்) தொடும் முன் இன்ஜெக்டர் அடியைச் சுத்தி ஏர் அடிங்க. இருபது வருஷத்து மண் அங்கே உட்கார்ந்திருக்கும், தூக்கினதும் நேரா வால்வு மேல்தான் விழும். ரெயில் போல்ட்டை எடுத்துட்டு ரெயிலோடு நாலையும் நேரா மேலே இழுங்க, ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்ப வேண்டாம். கீழ் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) சில சமயம் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போற குழாய்) ஓட்டையிலேயே ஒட்டிக்கிட்டு நிற்கும். அதைக் கவனிக்காம புது ஓ-ரிங்கோட மேலே குத்தினால் உட்காராது, ஏர் லீக் கூடுதலா வந்து சேரும்.

மாத்திப் போடும்போது ஓ-ரிங் எட்டும் புதுசா போடுங்க. சுத்தமான இன்ஜின் ஆயில் ஒரு விரல் தொட்டுத் தடவினால் போதும். கிரீஸ், சிலிகான் எதுவும் வேண்டாம். உட்கார்ந்த பிறகு இன்ஜெக்டரைக் கையால் திருப்பிப் பாருங்க, மெதுவா சுத்தணும். சுத்தலைன்னா ஓ-ரிங் மடங்கியிருக்கு, திரும்ப எடுங்க. ஸ்டார்ட் பண்ணும் முன் சாவியை ரெண்டு மூணு தடவை ஆன்-ஆஃப் பண்ணி பிரஷர் ஏத்தி, டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணோட கழுத்தையும் பாருங்க. ஒரு சொட்டு தெரிஞ்சாலும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது.

ஓம்மீட்டர் எழுதியது:

எல்பிஜி கிட் இருந்த வண்டின்னா முதல் சந்தேகம் எமுலேட்டர் மேல். கேஸில் ஓடும்போது பெட்ரோல் இன்ஜெக்டரை நிறுத்த, ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஒயருக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் ஒரு டப்பாவைக் கோத்திருப்பாங்க. இன்ஜெக்டர் இன்னும் இருக்குன்னு ஈசியூவை ஏமாத்த உள்ளே ரெசிஸ்டர் இருக்கும். கிட்டைக் கழட்டினவங்க இதை விட்டுட்டுப் போறது சகஜம். அதில் ஒரு ரிலே காண்டாக்ட் கருகினால் ஒரே ஒரு சிலிண்டர் போகும், ஸ்கேனரில் எந்த எரர் கோடும் வராது.

நாய்டு லைட் (இன்ஜெக்டர் சாக்கெட்டில் பல்ஸ் வருதான்னு காட்டுற சின்ன பல்பு) ஒண்ணு வாங்குங்க, விலை அதிகமில்லை. 3-வது இன்ஜெக்டர் சாக்கெட்டிலேயே குத்துங்க, எமுலேட்டருக்கு முன்னாடி இல்லை. கிராங்க் பண்ணும்போது ஒரே சீரா மின்னணும். மின்னவே இல்லைன்னா ஒயர் அல்லது எமுலேட்டர். அணையாம எரிஞ்சுக்கிட்டே இருந்தால் கிரவுண்டு ஷார்ட். அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் கொட்டிக்கிட்டு இருக்கும், ஓட்டாதீங்க.

அடுத்து இன்ஜெக்டருக்குள்ளே இருக்கிற காயிலோட ரெசிஸ்டன்ஸ். இன்ஜின் ஆறின பிறகு அளங்க. இந்த வகை 12-லிருந்து 16 ஓமுக்குள் இருக்கணும், நாலுக்கும் நடுவில் அரை ஓமுக்கு மேல் வித்தியாசம் கூடாது. கடைக்காரர் நீட்டுற எதையும் மீட்டர் வைக்காம வாங்காதீங்க. 2 அல்லது 3 ஓம் காட்டினால் அது லோ இம்பிடன்ஸ், பீக் அண்ட் ஹோல்டு (முதல்ல கரண்டைக் கூட்டிக் கொடுத்து அப்புறம் குறைக்கிற) டிரைவருக்குச் செஞ்சது. 14 வோல்ட்டில் 14 ஓம் ஒரு ஆம்பியர் இழுக்கும், 2.5 ஓம் ஐந்தரை ஆம்பியர் இழுக்கும். சாதாரண ஈசியூ டிரைவர் அதைத் தாங்காது. இன்ஜெக்டர் வாங்கப் போய் ஈசியூ வாங்கிட்டு வரணும்.

சூடு இன்னொரு விஷயம். செம்பு 50 டிகிரி ஏறினால் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 20 சதவீதம் ஏறும். சூட்டில் 17 காட்டுதேன்னு நல்ல இன்ஜெக்டரைக் குப்பையில் போட்டுடாதீங்க.

போனோட இணைக்கிற சாதாரண இஎல்எம் 327 ஸ்கேன் டாங்கிள் இந்த வருஷத்து வண்டியோட பெரும்பாலும் பேசாது. ஹூண்டாய்க்குன்னு புரோகிராம் உள்ள ஸ்கேனர் வேணும்.

பேட்டர்ஸ்ரோடு எழுதியது:

சார், ஸ்பேர்ஸ் கடை கவுண்டர் பக்கத்திலிருந்து சொல்றேன். "சாண்ட்ரோ இன்ஜெக்டர் கொடுங்க"ன்னு கேட்டால் தப்பாத்தான் கிடைக்கும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த முதல் சாண்ட்ரோ 999 சிசி. உங்க ஜிங் 1086. ஜிங் மட்டுமே 2003-லிருந்து 2014 வரை வந்திருக்கு, சென்னையில் 2005 ஏப்ரலில் பிஎஸ்-3, 2010 ஏப்ரலில் பிஎஸ்-4 புகை விதி வந்தது அதுக்கு நடுவில்தான். பேர் ஒண்ணு, உள்ளே பார்ட் ஒண்ணு இல்லை.

ஆர்சி புக்கை எடுங்க. இன்ஜின் நம்பர் ஜி4எச்ஜின்னு ஆரம்பிச்சா 1.1. ஜி4எச்சின்னு இருந்தால் 1.0, யாரோ இன்ஜினையே மாத்தியிருக்காங்க. சேஸிஸ் நம்பர் எம்ஏஎல்னு தொடங்கும் 17 எழுத்து, அதை முழுசா டீலர் பார்ட்ஸ் கவுண்டரில் கொடுத்தால் கேட்டலாகில் அடிச்சு நம்பர் சொல்வாங்க. பழைய நம்பர் நிறுத்தி வேற நம்பர் வந்திருந்தாலும் அதிலேயே தெரியும். அந்த நம்பரைக் குறிச்சுக்கிட்டு வெளியே தேடினாலும் தப்பில்லை.

ஹூண்டாய் நம்பர் பத்து இலக்கம். முதல் அஞ்சு எந்த சாமான்னு சொல்லும்: 35310 இன்ஜெக்டர், 35150 ஐடில் மோட்டார், 39180 கிராங்க் சென்சார். கோடு போட்ட பிறகு வர்ற முதல் ரெண்டு பெரும்பாலும் இன்ஜின் குடும்பம். சாண்ட்ரோ எப்சிலான் இன்ஜினுக்கு 02. ஆக்சென்ட்டுக்கு 22, 26 வரும். உங்க கையில் கொடுத்தது 35310-22 அல்லது 35310-26ன்னு இருந்தால் திருப்பிக் கொடுத்துடுங்க, மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

ஆனால் இன்ஜெக்டர் உடம்பில் ஹூண்டாய் நம்பரே இருக்கணும்னு இல்லை. செஞ்ச கம்பெனி நம்பர் இருக்கும். கெஃபிகோன்னா 9260930ன்னு ஆரம்பிச்சு கடைசி மூணு இலக்கம் மட்டும் மாறும், அந்த மூணுதான் எல்லாமே. பாஷ்னா பத்து இலக்கம்: 0 280 150, 155, 156, 158 எல்லாம் பெட்ரோல் இன்ஜெக்டர். 0 280 160 பிரஷர் ரெகுலேட்டர், 0 580 பம்ப், 0 261 500 நேரடி இன்ஜெக்‌ஷனுக்கு, உங்களுக்கு ஆகாது. பார்க்க எண்கள் ஒரே மாதிரி இருக்கும், ஒரு இலக்கம் தவறினால் கொரியரில் வேற சாமான் வரும்.

எண் அழிஞ்சிருந்தால் எமரி போடாதீங்க, இருக்கிறதும் போயிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துணியை நனைச்சுத் துடைச்சு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்ச்சு அடிச்சு போன் கேமராவில் ஜூம் பண்ணுங்க. சாக்கெட் பிளாஸ்டிக்குக்குக் கீழே, இரும்புக் கழுத்தில், ரெண்டு இடத்திலும் பாருங்க. ஒண்ணில் அழிஞ்சால் மத்த மூணில் படிக்கலாம்.

பேர் இல்லாத டப்பா: நாலு பீஸ் வாங்கினால் நாலிலும் ஒரே தேதிக் குறியீடு, எழுத்து மசமசன்னு, பிளாஸ்டிக் ஓரத்தில் அச்சு வெட்டின பிசிறு. மேல் வாயில் சின்ன வலை ஃபில்டர் இருக்கான்னு எட்டிப் பாருங்க, சிலதில் அதுவே இருக்காது. ஓம் மீட்டர் இதைக் காட்டிக் கொடுக்காது, காயில் சுத்துறது சுலபம். முனை ஓட்டையைத் துல்லியமா போடுறதுதான் காசு.

ரெயில்பிரஷர் எழுதியது:

ஆக்சென்ட் இன்ஜெக்டர் ஏன் ஆகாதுன்னு கணக்கோட சொல்லிடறேன், ஏன்னா இது "வண்டி ஓடுதே" ரகத் தப்பு. ஓடும், ஆனால் கெடுத்துக்கிட்டே ஓடும்.

மாத்துற ஒண்ணு மத்த மூணைவிட 20 சதவீதம் கூடுதலா ஊத்துதுன்னு வைங்க. நாலோட சராசரி 5 சதவீதம் ஏறும். எக்ஸாஸ்ட்டில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஆக்சிஜன் சென்சார், அதுக்குத் தெரியறது சராசரி மட்டும். ஈசியூ எல்லாத்தையும் ஒண்ணா 5 சதவீதம் குறைக்கும். இப்போ புது இன்ஜெக்டர் சிலிண்டர் 14 சதவீதம் ரிச் (பெட்ரோல் கூடுதல்), மத்த மூணும் 5 சதவீதம் லீன் (பெட்ரோல் குறைவு). ஸ்கேனரில் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு) நல்லாவே தெரியும், பியூசி டெஸ்ட்டும் பாஸ் ஆகலாம். ஒரு பிளக் மட்டும் கருப்பா, மூணு வெளுத்துப் போய் இருக்கும். நாலையும் ஆக்சென்ட்டோடதா மாத்தினால்? ட்ரிம் ஓரளவுக்கு இழுத்துப் பிடிக்கும், ஆனால் கோல்டு ஸ்டார்ட்டிலும் முழு ஆக்சிலரேட்டரிலும் ஈசியூ சென்சாரைக் கேட்காது, தன் மேப்பில் (உள்ளே பதிஞ்சிருக்கிற அட்டவணை) எழுதினதைத்தான் ஊத்தும்.

டப்பாவில் ஃப்ளோ எண் போட்டிருந்தால் எந்த பிரஷரில்னு கேளுங்க. ஃப்ளோ பிரஷரோட வர்க்கமூலத்துக்கு ஏத்தபடி மாறும். 3 பாரில் நிமிஷத்துக்கு 130 சிசி ஊத்துற இன்ஜெக்டர் 3.5 பாரில் 140 ஊத்தும். ஒருத்தர் 3-லும் இன்னொருத்தர் 3.5-லும் அளந்த எண்ணை நேரா ஒப்பிட்டால் இல்லாத வித்தியாசம் தெரியும், இருக்கிற வித்தியாசம் மறையும்.

இன்னொண்ணு முனை. உங்க இன்ஜினில் சிலிண்டருக்கு ரெண்டு இன்லெட் வால்வு, ஒரு எக்ஸாஸ்ட். இப்படி ரெண்டு வால்வு உள்ள போர்ட்டில் ஸ்ப்ரே ரெண்டா பிரிஞ்சு ஒவ்வொரு வால்வு முதுகிலும் அடிக்கிற மாதிரிதான் வழக்கமா வடிவமைப்பாங்க. ஒத்தைக் கூம்பா அடிக்கிறதைப் போட்டால் நடுச் சுவரில் மோதி ஈரமா வழியும், ஆக்சிலரேட்டரை மிதிச்சதும் ஒரு நொடி மந்தம். அதனால் பழசோட முனையை லென்ஸ் வச்சுப் பார்த்து ஓட்டை எத்தனை, எப்படின்னு புதுசோட ஒப்பிடுங்க. சாக்கெட் எந்தப் பக்கம் பார்த்து உட்காருதோ அதை வச்சுத்தான் ஸ்ப்ரேயோட திசையும். கிளிப்பில் சரியா மாட்டாம திருப்பி வச்சால் சரியான பார்ட் கூடத் தப்பா அடிக்கும்.

அடாப்டர் ஒயர் கொடுக்கிற மூணாவதை ஒதுக்குங்க. சாக்கெட் வேறன்னாலே தலைமுறை வேற, பெரும்பாலும் உயரமும் வேற. மேல் ஓ-ரிங்கிலிருந்து கீழ் ஓ-ரிங் வரை ஸ்கேலில் அளங்க. 2 மிமீ குட்டையா இருந்தாலும் கீழ் ரிங் சீட்டில் முழுசா உட்காராது.

ஜிங்1086 எழுதியது:

எமுலேட்டரைக் கழட்டி ஒயரை நேரா இணைச்சாச்சு, சால்டர் பண்ணி ஸ்லீவ் போட்டிருக்கு. மிஸ்ஸிங் போகலை. நாய்டு லைட் நாலு சாக்கெட்டிலும் ஒரே மாதிரி மின்னுது. ரெசிஸ்டன்ஸ் 14.4, 14.5, 14.3, 14.6. இன்ஜின் நம்பர் ஜி4எச்ஜிதான்.

2-ஐயும் 3-ஐயும் மாத்திப் போட்டதும் மிஸ்ஸிங் 2-க்குப் போயிடுச்சு. கழுத்தில் 9260930 வரை தெரியுது, கெட்டுப்போனதில் கடைசி மூணு அழிஞ்சிருக்கு. மத்த மூணிலும் கடைசி மூணு இலக்கம் ஒண்ணுதான். கிளீனிங் பண்ணிப் பார்க்கலாமா?

பஞ்சிகாவத்தை எழுதியது:

நம்பர் விஷயத்தில ஒன்று சேர்க்கிறன், டொயோட்டா வைச்சிருக்கிற ஆக்களுக்கும் உதவும். டொயோட்டா இன்ஜெக்டர் உடம்பில 23250 எண்டு அடிச்சிருக்கும், கடையில கேட்க வேண்டியது 23209. பின்னுக்கு வாற அஞ்சு இலக்கமும் ஒண்டுதான். 1என்இசட் இன்ஜின் விட்ஸ் எண்டால் உடம்பில 23250-21020, கேட்டலாகில 23209-21020. 23250 எண்டு தேடிப்போட்டு "பார்ட் இல்லை" எண்டு திரும்பிப் போற ஆக்கள் கன பேர். உங்கட ஹூண்டாய்க்கும் உடம்பில இருக்கிற நம்பர், கேட்டலாக் நம்பர் ரெண்டையும் எழுதி வையுங்கோ.

கழட்டின பழைய இன்ஜெக்டர் வாங்குறதெண்டால் செட்டாக, ரெயிலோட வாங்குங்கோ. தனித்தனியாக் குவிச்சு வைச்சிருக்கிறதில ஒரே நம்பர் இருந்தாலும் ஒவ்வொண்டும் ஒவ்வொரு வாகனத்தில கிடந்து தேய்ஞ்சது.

ரெயில்பிரஷர் எழுதியது:

ரெசிஸ்டன்ஸும் பல்ஸும் சரின்னா மின்சாரப் பக்கம் முடிஞ்சது, இனி அடைப்பு அல்லது தேய்மானம். கேஸிலேயே ஓடின வண்டியில் பெட்ரோல் இன்ஜெக்டருக்குள் நின்ன பெட்ரோல் ஆவியாகி அரக்கு மாதிரி பிசின் ஆகும், அது ஊசியை ஒட்ட வைக்கும். அதனால் கிளீனிங் கண்டிப்பா முயற்சி பண்ணலாம். ஆனால் "கிளீன் பண்ணியாச்சு"ன்னு சொல்ற இடத்தில் கொடுக்காதீங்க, அளந்து எழுதிக் கொடுக்கிற இடத்தில் கொடுங்க. அல்ட்ராசானிக் கிளீனிங்குக்கு முன்னாடியும் பின்னாடியும், 15 செகண்டில் ஒவ்வொண்ணும் எவ்வளவு ஊத்துதுங்கிற அளவு வேணும். பிரஷர் ஏத்தி மூடி வச்சு ஒழுகல் பார்க்கணும், நிமிஷத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் கூடாது. ஸ்ப்ரே வடிவத்தைக் கண்ணால் பார்க்கணும். மேல் வாய் வலை ஃபில்டரைக் கழட்டாம அல்ட்ராசானிக்கில் போட்டால் அழுக்கு அந்த வலையிலேயே மாட்டிக்கும், புது வலை போடச் சொல்லுங்க.

நாலுக்கும் நடுவில் 5 சதவீதத்துக்குள் வந்தால் எதையும் வாங்க வேண்டாம்.

ஜிங்1086 எழுதியது:

15 செகண்டில், மில்லி லிட்டரில்: முன்னாடி 32, 33, 19, 32. கிளீன் பண்ணின பிறகு 33, 33, 27, 33. கெட்டது ஓய்வில் நிமிஷத்துக்கு நாலு சொட்டு விடுது. ஸ்ப்ரே ஒரு பக்கம் மட்டும் நல்லா பிரியுது, இன்னொரு பக்கம் கோடு மாதிரி. டீலரில் 35310-02ன்னு தொடங்குற நம்பர் கொடுத்தாங்க, ஸ்டாக் வர நாளாகுமாம். புதுப்பேட்டை பழைய ஸ்பேர்ஸ் மார்க்கெட்டில் ரெயிலோட ஒரு செட் இருக்கு, கெஃபிகோ நம்பர் கடைசி மூணும் பொருந்துது.

பேட்டர்ஸ்ரோடு எழுதியது:

காசு கொடுக்கும் முன் அந்த செட்டையும் அதே டெஸ்ட் பெஞ்சில் ஏத்தச் சொல்லுங்க, டெஸ்ட் செலவு உங்களோடது, ஆகலைன்னா திருப்பி எடுத்துக்கிறதுன்னு பேசிக்குங்க. ஒத்துக்கலைன்னா டீலர் ஸ்டாக் வரட்டும், காத்திருங்க. நாலில் 32, 33 ஊத்துற ஒண்ணே ஒண்ணு கிடைச்சாலும் உங்க மூணோட சேர்ந்துடும், மீதி மூணு கையில் இருக்கட்டும்.

ஓ-ரிங் வாங்கும்போது சாதாரண நைட்ரைல் ரப்பர் வேண்டாம், "விட்டான்" ரப்பர்னு கேட்டு வாங்குங்க. இப்போ பங்கில் வர்றது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்), இந்த வருஷத்து வண்டியோட ரப்பர் அதுக்குன்னு செஞ்சது இல்லை. ரிங் குறுக்குத் தடிமனும் பழசோட ஒண்ணா இருக்கணும். கிட்டில் வர்ற எல்லா ரிங்கும் எல்லா வண்டிக்கும் ஆகாது.

ரெயில்பிரஷர் எழுதியது:

27 என்பது 18 சதவீதம் குறைவு, அதோட ஒழுகல் வேற. உள்ளே ஊசி உட்கார்ற சீட் தேய்ஞ்சிருக்கு, இன்னொரு தடவை கிளீன் பண்ணினாலும் இதே எண்தான் வரும். மாத்திடுங்க.

பெட்ரோல் ஃபில்டரையும் கூடவே மாத்துங்க. டேங்க் அடியில் துரு இருக்கான்னு பம்ப் மூடி வழியா ஒரு தடவை பாருங்க, இல்லைன்னா புதுசும் இதே கதிக்குத்தான் போகும். சொட்டு விட்ட சிலிண்டரில் ஆயில் கழுவியிருக்கும். டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்க, பெட்ரோல் வாசனை இருந்தால் ஆயிலும் மாத்தணும்.

பொருத்தின பிறகு பேட்டரி நெகட்டிவைப் பத்து நிமிஷம் கழட்டி வச்சுட்டு மாட்டுங்க. பழைய ட்ரிம் அழியும், அதுவரை ஈசியூ கெட்ட இன்ஜெக்டருக்காகக் கூட்டி வச்சிருந்த பெட்ரோலையே ஊத்திக்கிட்டிருக்கும். முதல் நாள் ஐடில் கொஞ்சம் ஏறி இறங்கும். 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு நாலு பிளக்கையும் கழட்டி வரிசையா வச்சு ஒரு போட்டோ இங்கே போடுங்க.